விமானப் படங்களும் அம்மா கேட்ட ஒரு கேள்வியும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டு, நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டால் என் மனைவிக்குத் தெரிந்துவிடும். "என்னங்க, திரும்பவும் அந்த பிளேன் படமா? எத்தனை தடவை பார்த்தாலும் அதே பிளேன்தானே பறக்கப் போவுது?" என்பாள். அவள் சொல்வது நியாயம்தான். அதே விமானங்கள்தான். யார் திரும்பி வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் பார்ப்பேன்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களையும் அவற்றில் பறந்தவர்களையும் பற்றிய பழைய படங்கள்மேல் எனக்கு ஐம்பது வருஷத்துக்கும் மேலாகப் பைத்தியம். இதை ஆரம்பித்து வைத்தது பிராட்வே மினர்வா தியேட்டர். பள்ளிக்கூட நாட்களில் என் பெரியப்பா மகன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய படம் '633 ஸ்குவாட்ரன்'. 1964-இல் வந்தது. மரத்தால் செய்த மஸ்கிட்டோ விமானங்கள் நார்வே நாட்டு மலை இடுக்குக்குள் புகுந்து புகுந்து பறக்கும். அந்த ஸ்குவாட்ரனும் கதையும் கற்பனை என்பதெல்லாம் அப்போது தெரியாது. ரான் குட்வின் போட்ட இசையை வாயால் வாசித்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி மண்ணடி வரைக்கும் ஓடியே வந்தோம். எதிரே வந்த கைவண்டிக்காரர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

வயதானபின் வெறும் பறத்தல் எனக்குப் போதவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த மனிதர்கள்மேல் கவனம் போயிற்று. ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒரு இயந்திரத்தை ஓட்டுவது ஒருவர் அல்ல, ஒரு கூட்டம் என்பது எனக்குத் தெரியும். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். விமானி, பக்கத்தில் இன்ஜின்களைக் கவனிக்கும் ஃபிளைட் இன்ஜினியர், திரை போட்ட மேஜையில் வரைபடத்தோடு நேவிகேட்டர், வயர்லெஸ்காரர், மூக்கில் குப்புறப் படுத்துக் குறிபார்த்துக் குண்டு போடுகிறவர், முதுகில் ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் ஒரு துப்பாக்கிக்காரர். அந்த வாலில் உட்கார்ந்தவர் நிலைமைதான் மிகவும் பரிதாபம். மற்ற ஆறு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கடுங்குளிரில், ஏழெட்டு மணி நேரம் இருட்டையே பார்த்துக்கொண்டு தனியாக இருக்க வேண்டும். அமெரிக்கர்களின் பி-17 விமானத்தில் பத்துப் பேர். பெரும்பாலும் எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த வகைப் படங்களில் பழையவையே சிறந்தவை. காரணம், அவற்றை எடுத்தவர்களில் பலர் அந்த விமானங்களில் பறந்தவர்கள். நண்பர்களை இழந்தவர்கள். அவர்களுக்குச் சாகசம் காட்டும் ஆசையைவிடக் கணக்குச் சொல்லும் கடமை பெரிதாக இருந்தது. போனது எத்தனை, வந்தது எத்தனை என்ற கணக்கு.

1949-இல் வந்த 'ட்வெல்வ் ஓ கிளாக் ஹை' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிகரி பெக் நடித்தது. கதையை எழுதிய இருவரில் ஒருவரான பெய்ர்ன் லே, ஜெர்மனிக்கு மேலே பி-17-இல் பறந்தவர். படம் சண்டையில் ஆரம்பிக்காது. போர் முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது. வயதான ஓர் அமெரிக்கர் லண்டனில் ஒரு பழைய சாமான் கடையில், மனித முகம் போலச் செய்த ஒரு பீங்கான் குவளையைப் பார்க்கிறார். வாங்கிக்கொண்டு ரயில் ஏறி, ஒரு வாடகை சைக்கிளில் ஒரு கிராமத்துப் பக்கம் போகிறார். அங்கே பாழடைந்து கிடக்கும் ஒரு விமானத் தளம். ஓடுதளத்து விரிசலில் புல். மாடு மேய்கிறது. அவர் சும்மா நிற்கிறார். காற்றில் புல் அசைகிறது. மெல்ல மெல்ல இன்ஜின் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது.

அந்தக் காட்சியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நம்ம சோழவரம் ஞாபகம் வந்தது. எழுபதுகளில் சோழவரத்தில் கார் ரேஸ், பைக் ரேஸ் பார்க்கப் போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அந்த ரேஸ் ஓடிய கான்கிரீட் பாதை உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்தான். பக்கத்திலேயே செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்ற கடல் விமானங்கள் இறங்கி ஏறின. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கமும் அப்படி ஓர் ஓடுதளம் உண்டு. நாங்கள் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து எத்தனை பையன்கள் கிளம்பிப் போயிருப்பார்கள், எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் படத்தில் கிரிகரி பெக் கண்டிப்பான தளபதி. பயந்து சோர்ந்து போன படைக்கு உயிர் கொடுக்க வருகிறார். கடைசியில் என்ன ஆகிறது? ஒருநாள் காலையில் தன் விமானத்துக்குள் ஏற அவராலேயே முடியவில்லை. கை வேலை செய்யவில்லை. உடம்பு மறுத்துவிடுகிறது. கதாநாயகன் உடைந்து போவதைக் காட்ட 1949-இல் ஒரு துணிச்சல் வேண்டும். படம் நெடுகத் தரையில் இருப்பவர்கள் வானத்தைப் பார்த்து, திரும்பி வரும் விமானங்களை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைதான் எனக்கு இந்தப் படத்தின் உயிர். வான்சண்டைக் காட்சிகளில் உள்ளதோ இரு தரப்பு விமானப் படைகளும் உண்மையான சண்டையில் எடுத்த படச்சுருள்.

இன்னொன்று 'தி வே டு தி ஸ்டார்ஸ்'. 1945-இல், ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்த கையோடு வெளிவந்தது. கதை எழுதிய டெரன்ஸ் ராட்டிகன் விமானப் படையில் துப்பாக்கிக்காரராக இருந்தவர். விமானப் படையைப் பற்றிய படம், ஆனால் வான்சண்டை அநேகமாகக் கிடையாது! மைக்கேல் ரெட்கிரேவ் நடித்த அதிகாரி தன் சிகரெட் லைட்டரை ராசிக்காக எப்போதும் கூடவே வைத்திருப்பார். ஒருநாள் மறந்து விட்டுவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். விமானம் எரிவதைக் காட்டவில்லை. மேஜை மேல் கிடக்கும் லைட்டரைப் பார்த்தே நமக்குத் தொண்டை அடைக்கிறது.

1953-இல் வந்த 'அப்பாயின்ட்மென்ட் இன் லண்டன்' படத்துக்குக் கதையில் பங்கும், இசை முழுவதும் ஜான் வூல்ட்ரிட்ஜ் என்பவருடையது. குண்டுவீச்சு விமானியாகப் பலமுறை போய் வந்தவர். 'மெம்பிஸ் பெல்' ஆவணப்படத்தை எடுத்த வில்லியம் வைலர் ஹாலிவுட்டின் பெரிய டைரக்டர். அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுக்கவில்லை. கேமராவோடு பி-17-இல் ஏறிப் போனார். அவருடைய குழுவில் ஒருவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். வைலருக்கே பிற்பாடு இன்னொரு விமானப் படம் எடுக்கும்போது காது கேட்காமல் போயிற்று.

இப்போது வருகிற படங்களை நான் குறை சொல்வது வயதான காரணத்தால் மட்டும் அல்ல. கம்ப்யூட்டரில் ஆயிரம் விமானம் பறக்க விடுகிறார்கள். கேமரா துப்பாக்கிக் குண்டின் பின்னாலேயே போகிறது. ஆனால் விமானத்துக்கு எடை இல்லை. பழைய படத்தில் நான்கு இன்ஜினும் உறுமி, வால் தூக்கி, ஓடுதளத்தின் கடைசி முனையில் தத்தித் தடுமாறி எழும்பும்போது நம் வயிறு கலங்கும். 'ட்வெல்வ் ஓ கிளாக் ஹை' படத்தில் ஒரு பி-17 சக்கரம் இல்லாமல் வயிற்றால் வந்து கூடாரங்களின் மேல் சறுக்கும். பால் மான்ட்ஸ் என்ற விமானி, பத்துப் பேர் பறக்கும் விமானத்தைத் தனி ஆளாக ஓட்டி வந்து நிஜமாகவே மோதிக் காட்டியது அது. என் பேரன் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது கிராபிக்ஸ் இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நான் சாதாரண ரசிகன். என்னை யோசிக்க வைத்தது என் அம்மா.

தொண்ணூறுகளின் ஆரம்பம். வாடகைக்கு வீடியோ கேசட் எடுத்துவந்து பார்க்கும் காலம். ஒரு சனிக்கிழமை இரவு 'தி டாம் பஸ்டர்ஸ்' போட்டேன். 1955-இல் வந்த படம். அம்மா தூக்கம் வராமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆங்கிலம் தெரியாது. நான்தான் கதை சொன்னேன்.

எனக்குச் சொல்லவும் ஆசை. ஜெர்மனியின் ரூர் பகுதித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தரும் அணைகளை உடைக்க வேண்டும். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் தண்ணீரில் தவளைக்கல் விடுவதுபோலக் குண்டைத் தத்தித் தத்திப் போகவிட்டு அணைச் சுவரில் மோத வைக்க வழி கண்டுபிடிக்கிறார். அதற்கு லங்காஸ்டர் விமானம் இரவில், தண்ணீருக்கு மேல் சரியாக 60 அடி உயரத்தில் பறக்க வேண்டும். உயரத்தை எப்படி அளப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்கு. இரண்டு வெளிச்சமும் தண்ணீர்மேல் ஒன்றாகச் சேர்ந்தால் 60 அடி. எவ்வளவு எளிய வழி! நாடகக் கொட்டகையில் விளக்கைப் பார்த்துத் தளபதிக்கு இந்த யோசனை வந்ததாகப் படத்தில் காட்டுவார்கள். அது படத்துக்காகச் சேர்த்தது. ஆனால் விளக்கு உண்மை. 1943 மே 16-ஆம் தேதி இரவு 19 லங்காஸ்டர்கள் கிளம்பின. தலைமை தாங்கிய கை கிப்சனுக்கு வயது 24.

அணை உடைந்தது. எரிக் கோட்ஸின் இசை முழங்கத் தண்ணீர் பாய்ந்தது. எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது. அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

"ராத்திரியாச்சே. கீழே இருந்த ஊர்க்காரங்க தூங்கிட்டு இருந்திருப்பாங்களேடா?"

நான் சொன்னேன், "அம்மா, அவங்கதான் முதல்ல லண்டன்ல குண்டு போட்டாங்க."

"லண்டன்ல குண்டு போட்டது இந்த ஊர் பொம்பளைங்களாடா?" என்றார். அதற்குமேல் பேசவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

அம்மா கேட்டது சும்மா அல்ல. 1942 ஏப்ரலில் அவருக்குப் பதினோரு வயது. முத்தியால்பேட்டையில் குடியிருந்தார்கள். முதல் ஃபாரம் முடித்திருந்த நேரம். ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலி செய்தது. அரசாங்க அலுவலகங்கள் வெளியூருக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். என் தாத்தா துறைமுகத்தில் குமாஸ்தா. அவர் மட்டும் ஊரில் இருந்துகொண்டு, பாட்டியையும் பிள்ளைகளையும் எழும்பூரில் ரயில் ஏற்றிக் கும்பகோணத்துப் பக்கம் சொந்த கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்.

அப்போது மெட்ராஸில் குண்டு விழவில்லை. மறுவருஷம் 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பான் விமானம் ஒன்று வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகள் போட்டுவிட்டுப் போயிற்று. போர் வரலாற்றுப் புத்தகங்களில் அது ஒரு வரி. ஆனால் அம்மா கிராமத்திலேயே தங்கிவிட்டார். அங்கே பெண்பிள்ளைகள் படிக்க ஹைஸ்கூல் இல்லை. வயசுக்கு வந்துவிட்டார். படிப்பு நின்றது. கல்யாணம் ஆகித்தான் மறுபடி மெட்ராஸ் வந்தார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண். எங்கள் வீட்டு மளிகைக் கணக்கைக் கடைசி வரையில் மனசாலேயே போட்டார். தலைக்கு மேல் ஒரு விமானத்தைக்கூடப் பார்க்காமலே விமானங்களால் அவருடைய வாழ்க்கை திசை மாறிப் போயிற்று.

அம்மா கேட்ட பிறகுதான் நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்த இரவு கிளம்பிய 19 விமானங்களில் 8 திரும்பவில்லை. 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். இது ஒரு கணக்கு. அணைகளுக்குக் கீழே வெள்ளத்தில் இறந்தவர்கள் சுமார் 1,600 பேர். இது இன்னொரு கணக்கு. அவர்களில் பாதிக்கும் குறையாதவர்கள் ஜெர்மானியர்களே அல்ல. போர்க் கைதிகள், கட்டாய வேலைக்காகப் பிடித்துவரப்பட்ட வெளிநாட்டார். மோனே அணைக்குக் கீழே நேஹைம் என்ற ஊரில் ஒரு முகாம் இருந்தது. உக்ரைன் பக்கத்திலிருந்து பிடித்துவரப்பட்ட இளம் பெண்கள் பல நூறு பேர் அங்கே முழுகிப்போனார்கள். ஹிட்லரால் ஏற்கெனவே நாடு வீடு இழந்தவர்கள்! அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அப்படித்தான் இருந்தது. படத்திலோ ஒரு தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுவதைச் சில நொடிகள் காட்டுகிறார்கள். அதோடு சரி.

அப்படியானால் இந்தப் படங்களை ரசிப்பது தப்பா? நான் வெகுநாள் யோசித்தேன். தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிரிட்டனின் பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள். 55,573 பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. நூற்றுக்கு நாற்பத்து நான்கு. போர் முடிந்தபின் அவர்களைப் பற்றிப் பேசவே அரசியல்வாதிகள் கூச்சப்பட்டார்கள். லண்டனில் அவர்களுக்கென்று ஒரு பெரிய நினைவுச் சின்னம் எழும்ப 2012 ஆயிற்று. அத்தனை வருஷமும் அந்தப் பையன்களை ஞாபகம் வைத்திருந்ததில் இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு. கை கிப்சனும் 26 வயதிலேயே, 1944-இல் விமானத்தோடு போய்விட்டார்.

அதோடு, நல்ல படங்கள் தம்மை அறியாமலே உண்மையைச் சொல்லிவிடுகின்றன. 'தி டாம் பஸ்டர்ஸ்' கடைசிக் காட்சியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெற்றி விழா இல்லை. வராதவர்களின் அறைகள் வெறுமையாக இருக்கின்றன. அவர்கள் வைத்துவிட்டுப் போன சாமான்கள் வைத்தபடியே கிடக்கின்றன. குண்டைக் கண்டுபிடித்த வாலிஸ், இத்தனை பையன்கள் போவார்கள் என்று தெரிந்திருந்தால் இதைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்று நொந்துபோகிறார். கிப்சன், கடிதங்கள் எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்து போகிறார். இறந்தவர்களின் வீடுகளுக்கு எழுதவேண்டிய கடிதங்கள். முதலில் பார்த்தபோது அந்தக் காட்சி வருவதற்குள் நான் கேசட்டை ரீவைண்ட் போட்டு, அணை உடைவதை மறுபடி பார்த்தேன். இப்போது அந்த நடைக்காகவே படம் பார்க்கிறேன்.

எனவே என் யோசனை இது. மேலே இருந்தவர்கள் கதை ஒன்று பார்த்தால், கீழே இருந்தவர்கள் கதை ஒன்றும் பார்த்துவிடுங்கள். ஜான் பூர்மன் எடுத்த 'ஹோப் அண்ட் குளோரி' இருக்கிறது. 1987-இல் வந்தது. லண்டனில் குண்டு விழுந்த நாட்களை ஒரு சின்னப் பையன் கண்ணால் சொல்வது. சிரிக்கவும் வைக்கும். இசாவோ தகஹாட்டா 1988-இல் எடுத்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' ஜப்பானியக் கார்ட்டூன் படம். கார்ட்டூன்தானே என்று சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள். பி-29 விமானங்கள் கோபே நகரத்தை எரித்த பிறகு தாயை இழந்த ஓர் அண்ணனும் குட்டித் தங்கையும் படும் பாடு அது. நான் ஒருமுறைதான் பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கத் தைரியம் வரவில்லை.

போன மாதம் என் பேரனோடு 'தி டாம் பஸ்டர்ஸ்' பார்த்தேன். 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தின் கடைசித் தாக்குதலுக்கு ஜார்ஜ் லூகாஸ் இதைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார் என்று சொல்லி ஆசை காட்டித்தான் உட்கார வைத்தேன். அணை உடைந்ததும் அவன் கை தட்டினான். அந்த வயதில் நானும் தட்டியிருப்பேன், அதனால் தடுக்கவில்லை. படம் முடிந்ததும் அவனுடைய கொள்ளுப்பாட்டி கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கொள்ளுப்பாட்டி அப்புறம் ஸ்கூலுக்கே போகலையா தாத்தா?" என்று கேட்டான். போகவில்லை என்றேன்.

உங்கள் வீட்டிலும் 1942-இல் மெட்ராஸை விட்டு ஓடிய கதை இருக்கும். எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள் ஒருவரோ இருவரோ இன்னும் இருப்பார்கள். கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். எந்த ரயில், எந்த ஊர், வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தார்கள் என்பதுவரை கேளுங்கள். அம்மா இருந்தபோது இந்த மூன்றாவது கேள்வியை நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.